மூட்டு வலிக்குப் பின்னால் மறையும் நெஞ்சு நோய்

கேள்வி:

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 58 வயது. சின்ன வயதிலிருந்தே கொழுந்து எடுத்தவர். 12 வருடங்களாகச் சீனி வியாதி, 9 வருடங்களாக ருமட்டொயிட் மூட்டுவாதம், பிரஷரும் இருக்கிறது. சீனிக்கும் பிரஷருக்கும் ஓர் இடத்தில் கிளினிக், மூட்டுக்கு வேறு ஊரில் கிளினிக். மூட்டுக்குக் கிழமைக்கு ஒரு நாள் மெதோட்ரெக்சேட், தினமும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரை 5 மில்லிகிராம், பிரஷருக்கு லொசார்டன், சீனிக்கு மெட்போமின் எடுக்கிறார். வலி கூடும் நாட்களில் டவுன் பாமசியில் டைக்ளோபெனக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போடுவார். இப்போது அது தினமும் ஆகிவிட்டது. கொலஸ்ட்ரோலுக்குக் கொடுத்த அட்டோவாஸ்டட்டினை, சீனியைக் கூட்டும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதால், எடுப்பதில்லை.

மூன்று கிழமைக்கு முன் ஓர் இரவு மேல் வயிற்றில் இறுக்கம் வந்தது. தாடையும் முதுகும் வலித்தன. உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வாய்வு என்று அண்ணன் இஞ்சி அவித்துக் கொடுத்தார். விடியும்போது சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறுவதற்குள் நாலு இடத்தில் நிற்கிறார். சாயங்காலத்தில் கால் வீங்குகிறது. மாத்திரை போட்டும் பிரஷர் 160க்குக் கீழே வருவதில்லை.

இது வயதும் மூட்டு நோயும் செய்கிற வேலைதானா? கொலஸ்ட்ரோல் அளவு நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படியானால் நெஞ்சுக்குப் பயமில்லையா? மூட்டு மாத்திரை சூடு, அதுதான் நெஞ்சைப் பிடிக்கிறது என்கிறார் சித்தி; நிறுத்திவிடலாமா? இந்தப் பருவத்தில் சிவனொளிபாதமலைக்குப் போகவேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார், கூட்டிப் போகலாமா? (எனக்கு 33 வயது. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது சீனி இருந்தது, பிறகு சரியாகிவிட்டது. அம்மாவைப் பார்த்துக்கொள்வது நான்தான்.)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல், இதைப் படித்த மறுநாள் காலையிலேயே அம்மாவை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். உங்களுக்குக் கிட்ட இருப்பது டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை. கடிதம், சிபாரிசு எதுவும் வேண்டியதில்லை. வாசலில் "கால் வலி, களைப்பு" என்று தொடங்கவேண்டாம். "மூன்று கிழமைக்கு முன் இரவில் மேல் வயிறு இறுகி, தாடை வலித்து, வேர்த்துக் கொட்டியது, அதிலிருந்து மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது, சீனி வியாதி இருக்கிறது" என்று இதே ஒழுங்கில் சொல்லுங்கள். இப்படிச் சொன்னால் எந்த வைத்தியரும் முதலில் ஈசிஜி எடுக்கத்தான் சொல்வார். இதற்கிடையில் அந்த இறுக்கமோ வேர்வையோ மறுபடி வந்தால், அல்லது சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டினால், காலை வரைகூடக் காத்திருக்கக் கூடாது. அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வேர்வைதான். பொகவந்தலாவைக் குளிரில், நடுச்சாமத்தில், போர்த்திப் படுத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு உடம்பு நனைய வேர்க்கிறது என்றால் அதை வாய்வின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. இதயத்துக்குப் போகும் இரத்தம் தடைப்படும்போது வருகிற வேர்வை அப்படித்தான் இருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே விழுவதுதான் மாரடைப்பு என்று சினிமா நமக்குப் பழக்கிவைத்திருக்கிறது. பெண்களிடம், அதிலும் நீண்ட நாள் சீனி வியாதி உள்ள பெண்களிடம், அது மேல் வயிற்று இறுக்கமாக, தாடை வலியாக, தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு பாரமாக, சில வேளை வெறும் களைப்பாகவும் குமட்டலாகவும் வரும். அண்ணன் மேல் குற்றமில்லை. நம் வீடுகளில் இஞ்சிக்கும் ஓமத்துக்கும் அடங்கிய வயிற்று வலிகள் ஆயிரம் உண்டு. ஆனால் விடிந்ததும் சரியாகிவிட்டது என்பதை வைத்து அது வாய்வு என்று முடிவு கட்ட முடியாது. சின்ன மாரடைப்பும் சில மணி நேரத்தில் அடங்கிப்போகும். இதயத் தசையில் ஒரு பகுதியைச் சாகவைத்துவிட்டு அடங்கும். பிறகு மேடு ஏற முடியாமல் போவதும், காலில் நீர் கட்டுவதும் அதன் மிச்சமாக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்றே எழுதுகிறேன், ஏனென்றால் நான் அம்மாவைப் பார்க்கவில்லை. மூச்சு வாங்குவதற்கு வேறு காரணங்களும் உண்டு. தோட்டத்துப் பெண்களில் பலருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. அதுவும் மேட்டில் நிறுத்தி மூச்சு வாங்க வைக்கும். மெதோட்ரெக்சேட் அரிதாக நுரையீரலைப் பாதிக்கும். அப்போது வறட்டு இருமலும் காய்ச்சலும் சேர்ந்து வரும். சீனிக்குச் சிலருக்குக் கொடுக்கும் பயோகிளிட்டசோன் என்ற மாத்திரை உடம்பில் நீரைத் தேக்கும். அம்மாவின் கிளினிக் கொப்பியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் எது என்று பிரித்தறிய ஈசிஜி, இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, முடிந்தால் இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ வேண்டும். ஈசிஜி சரியாக இருக்கிறது என்று அன்றே திருப்பி அனுப்பினாலும் எக்கோவுக்கு ஒரு திகதி கேளுங்கள். ஓய்வில் படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜி, மேடு ஏறும்போது இதயம் படும் பாட்டைக் காட்டாமல் போவது உண்டு.

இனி, இது வயதா என்ற கேள்வி. 58 வயதை நான் ஒரு நோயாக ஏற்றுக்கொள்வதில்லை. நம் தோட்டங்களில் ஐம்பதைத் தாண்டிய பெண் எதைச் சொன்னாலும் "வயசாயிருச்சு" என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. அந்த ஒரு சொல்லால் எத்தனை இரத்தச்சோகை, எத்தனை தைரொயிட் குறை, எத்தனை இதய நோய் மூடி மறைக்கப்பட்டிருக்கிறது என்பதற்குக் கணக்கில்லை. போன தீபாவளிக்கு இதே மேட்டை அம்மா நிற்காமல் ஏறினாரா? ஏறினார் என்றால், நடுவில் நடந்த ஏதோ ஒன்றுதான் காரணம். ஒரு மனுஷி மூன்று கிழமையில் கிழவியாகிவிடுவதில்லை.

மூட்டு நோய்க்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் அல்ல. ருமட்டொயிட் மூட்டுவாதம் விரல்களோடும் முழங்காலோடும் நின்றுவிடும் நோயல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்குவதால் உண்டாகும் அழற்சி அது. மூட்டை வீங்க வைக்கும் அதே பொருட்கள் இரத்தத்தில் சுற்றி, இரத்தக் குழாய்களின் உட்சுவரையும் புண்படுத்துகின்றன. அங்கே கொழுப்பு படிவது விரைவாகிறது. படிந்த கொழுப்பு உடைந்து இரத்தம் கட்டுவதும் சுலபமாகிறது. இந்த மூட்டுவாதம் உள்ளவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு இல்லாதவரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு, சாதாரணமாகக் கணக்கிடும் இதய ஆபத்தை இவர்களுக்கு 1.5 ஆல் பெருக்கச் சொல்கிறது. பிரிட்டனில் 2017இல் திருத்தி வெளியிட்ட கணிப்பு முறையில் மூட்டுவாதம், லூப்பஸ் எனும் எதிர்ப்புச் சக்தி நோய், ஸ்டீரொயிட் மாத்திரை, சிறுநீரக நோய், கடுமையான மனநோய், மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி ஆகியவையெல்லாம் சேர்க்கப்பட்டிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2019இல் நம் பிராந்தியத்துக்கென வெளியிட்ட அட்டவணையிலோ வயது, ஆணா பெண்ணா என்பது, புகைத்தல், பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் இவ்வளவுதான். அட்டவணை கெட்டதல்ல; சின்ன வைத்தியசாலைகளிலும் சட்டென்று பார்க்க உதவுகிறது. ஆனால் உங்கள் அம்மா போன்றவரின் ஆபத்தை அது குறைத்துத்தான் காட்டும்.

அம்மாவுக்குச் சீனியும் சேர்ந்திருக்கிறது. அது தனியாகவே இதய ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். அந்த ஏற்றம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். அதற்கு மேல் பிரஷர். அதற்கு மேல் வருடக்கணக்கில் ஸ்டீரொயிட். தோட்டத்துக் குடும்பம் ஒன்று நாலு கடையில் கடன் கொப்பி வைத்திருந்தால், ஒவ்வொரு கடைக்காரருக்கும் தன் கொப்பியில் இருப்பது சின்னத் தொகையாகத்தான் தெரியும். நாலையும் கூட்டிப் பார்ப்பவர் எவருமில்லை. அம்மாவின் நிலை அதுதான். சீனி கிளினிக்கில் சீனியைப் பார்க்கிறார்கள், மூட்டு கிளினிக்கில் மூட்டைப் பார்க்கிறார்கள், டவுன் பாமசிக்காரர் கேட்டதைக் கொடுக்கிறார். இருபது பேரைப் பார்க்கவேண்டிய காலையில் நூறு பேரைப் பார்க்கும் வைத்தியர் மற்ற ஊரின் கொப்பியைத் தானாகக் கேட்கமாட்டார். நீங்கள்தான் அவர் முன்னால் விரித்து வைக்கவேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த இரண்டு நோய்களும் சேர்ந்தால் இதயத்தின் எச்சரிக்கை மணியை அடக்கிவிடும். நீண்ட நாள் சீனி நரம்புகளைக் கெடுப்பதால் நெஞ்சு வலி வலியாகவே தெரியாமல் போகலாம். மூட்டு நோயாளியோ வேகமாக நடப்பதில்லை, பாரம் தூக்குவதில்லை; ஆகவே உழைக்கும்போது வரும் நெஞ்சு இறுக்கம் வெளியே வரச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. மீறித் தோளும் தாடையும் வலித்தால் "மூட்டுதானே" என்று நோயாளியும் சொல்வார், வீட்டாரும் சொல்வார்கள். ருமட்டொயிட் நோய் தாடை மூட்டையும் உண்மையிலேயே பிடிக்கும் என்பதால் இந்தத் தவறு இன்னும் சுலபம். பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மூட்டு வலி அந்த மூட்டை அசைத்தால் கூடும், காலையில் எழும்போது விறைப்பாக இருந்து போகப்போக இளகும், அமுக்கினால் நோகும். இதயத்திலிருந்து வருவது நடந்தால் கூடும், நின்றால் தணியும்; அமுக்கிக் காட்டச் சொன்னால் ஓரிடத்தை விரலால் தொட்டுக் காட்ட முடியாமல் உள்ளங்கையை நெஞ்சில் வைத்துத் தேய்ப்பார்கள். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். சந்தேகம் இருந்தால் இதயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொலஸ்ட்ரோல் நன்றாக இருக்கிறது என்ற அறிக்கையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். மூட்டில் அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும்போது இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் அளவு இறங்கும். காகிதத்தில் அழகான இலக்கம். குழாய்க்குள் கதை வேறு. நல்ல மருந்தால் மூட்டு அடங்கிய பிறகு கொலஸ்ட்ரோல் கொஞ்சம் ஏறுவதும் உண்டு. அப்போது மருந்துதான் ஏற்றிவிட்டது என்று அதை நிறுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு அட்டோவாஸ்டட்டின் கொடுத்தது அந்த இலக்கத்தை அழகாக்க மட்டுமல்ல. சீனி வியாதி உள்ள, நாற்பதைத் தாண்டிய ஒருவருக்கு, கொலஸ்ட்ரோல் எவ்வளவாக இருந்தாலும், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைப்பதற்காகத் தருகிற மருந்து அது. சீனியைக் கூட்டும் என்று பக்கத்து வீட்டார் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது: மிகக் கொஞ்சம் கூட்டும். ஏற்கெனவே சீனி உள்ளவருக்கு அந்தக் கொஞ்சத்தை உணவிலோ மெட்போமினிலோ சரிக்கட்டிவிடலாம். அடைத்த இதயக் குழாயை அப்படிச் சரிக்கட்ட முடியாது. தகர டப்பாவில் சேர்த்து வைத்திருக்கும் அந்த மாத்திரைகளைக் காலாவதித் திகதி பார்த்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். தொடை, புஜம் போன்ற சதைப் பகுதிகளில் புதிதாக வலி வந்தால் மட்டும் வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

அடுத்து, நிறுத்துவது பற்றி. சித்தி சொன்னதில் பாதி சரி. மூட்டுக்குப் போடும் ஒரு மாத்திரை நெஞ்சைப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் சித்தி கை காட்டுவது மெதோட்ரெக்சேட்டை, குற்றவாளி டைக்ளோபெனக்.

அந்தச் சின்ன மாத்திரை மலையகத்தில் மிட்டாய் போல விற்கப்படுவதைப் பார்க்க எனக்கு ஆத்திரம் வரும். கொழுந்துக் கூடை சுமந்து முதுகு போனவர்கள், மழையில் நனைந்து முழங்கால் பிடித்தவர்கள், மண்வெட்டி பிடித்துத் தோள் விட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே கைமருந்து அது. வலியை நன்றாகவே ஆற்றும், அதில் சந்தேகமில்லை. கூடவே உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கும், மாரடைப்பு வரும் வாய்ப்பையும் கூட்டும். இதய நோய், இதயத் தளர்ச்சி, பக்கவாதம் உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அறிவித்தது. அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கும் அடங்காமல் 160இல் நிற்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு விடை கிளினிக்கில் இல்லை, பாமசியில் இருக்கிறது என்பது என் ஊகம். லொசார்டன் ஒரு பக்கம் இறக்க, டைக்ளோபெனக் மறுபக்கம் ஏற்றுகிறது. இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகமும் அடிபடும். கால் வீக்கத்துக்கு நீர் இறங்கும் மாத்திரையை யாராவது கொடுத்தால், இந்த மூன்றும் சேர்வது இன்னும் ஆபத்து. மெதோட்ரெக்சேட் உடம்பைவிட்டுப் போவதும் சிறுநீரகத்தின் வழியாகத்தான். சிறுநீரகம் தளர்ந்தால் அந்த மருந்தும் தேங்கி விஷமாகும். ஆகவே டைக்ளோபெனக்கை இன்றோடு நிறுத்துங்கள். படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்தல்ல அது. பதிலுக்குப் பரசிட்டமோல் கொடுக்கலாம்; அவ்வளவாகக் கேட்காது என்பது எனக்கும் தெரியும். ஓரிரு மூட்டு மட்டும் நோகும்போது மேலே பூசும் களிம்பு பரவாயில்லை. இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. வேறு பெயரில் வரும் வலி மாத்திரைகளிலும், ஐபுபுரூபன் உட்பட, இதே குணம் இருக்கிறது. பாமசியில் பெயரை மாற்றிக் கொடுத்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

மெதோட்ரெக்சேட்டைத் தொடவேண்டாம். மூட்டின் அழற்சியை அடக்குவதன் மூலம் இரத்தக் குழாயையும் காப்பது அதுதான். அதை ஒழுங்காக எடுக்கும் மூட்டுவாத நோயாளிகளிடம் இதய நோய் குறைவாகவே காணப்படுகிறது. கிழமைக்கு ஒரு நாள் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். தவறித் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. செவ்வாய் என்றால் செவ்வாய்தான், கலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வைத்தியசாலையில் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்துவிட்டு அவர்கள் நிறுத்தச் சொன்னால் அப்போது நிறுத்தலாம்.

பிரெட்னிசலோன் இடைப்பட்டது. அளவு கூடக்கூட, காலம் நீள நீள, சீனி, பிரஷர், இதயம் மூன்றுக்கும் கெடுதல். ஆனாலும் பல மாதங்களாக எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்கவேண்டிய ஸ்டீரொயிட் வராமல் மயங்கி விழக்கூடும். குறைக்க முடியுமா என்று மூட்டு கிளினிக்கில் கேளுங்கள். தினமும் டைக்ளோபெனக் இல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் மூட்டு நோய் அடங்கவில்லை என்றுதான் பொருள். அதற்கு மருந்தை மாற்றவோ கூட்டவோ வேறு வழிகள் உண்டு. அம்மா அங்கே போனால் "பரவாயில்லைங்க டொக்டர்" என்றுதான் சொல்வார், சொல்லிப் பழகிய தலைமுறை. தினமும் பாமசி மாத்திரை போட்டுத்தான் பரவாயில்லை என்பதை நீங்கள் எடுத்துச் சொல்லவேண்டும்.

போகும்போது ஒரு துணிப்பையில் வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போங்கள். இரண்டு கிளினிக் கொப்பி, பாமசி மாத்திரையின் வெற்று அட்டை, யாரோ கொடுத்த கஷாயப் போத்தல், எடுக்காமல் சேர்த்தது, எல்லாமே. மேசையில் பரப்பிவிட்டு, "இவ்வளவும் ஒரே ஆளுக்கு" என்று சொல்லுங்கள். மூன்று மாதச் சீனிச் சராசரி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்து எவ்வளவு காலமாகிறது என்றும் கேளுங்கள். சிறுநீர் அல்புமினைப் பலர் சிறுநீரகத்துக்கான பரிசோதனை என்று மட்டும் நினைக்கிறார்கள். அது கூடினால் இதயத்தின் ஆபத்தும் கூடியிருக்கிறது. மேற்கொண்டு இதயக் குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் வேண்டுமென்றால் கண்டி தேசிய வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அங்கே இதய நோய்ப் பிரிவு இருக்கிறது. பயண அலைச்சலை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள்.

இரவில் மறுபடி அந்த இறுக்கம் வந்தால்: 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், எல்லா மாகாணங்களுக்கும் வருகிறது. தோட்டத்தின் பெயரோடு டிவிஷன், பிரதான வீதியிலிருந்து திரும்பும் இடம், பக்கத்திலுள்ள கோயில் அல்லது தொழிற்சாலை, எல்லாம் சொல்லுங்கள். ஓர் இளைஞனை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்புங்கள். லயத்துப் படிகளில் அம்மாவை நடத்திக் கூட்டிவரவே கூடாது. நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கட்டும். அஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றில் இரத்தக்கசிவோ இல்லாதவர் என்றால், அம்புலன்ஸ் வருவதற்குள் 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கலாம். தொலைபேசியில் இருப்பவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்றால் தோட்டத்து வாகனமோ பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டியோ, எது முன்னால் கிடைக்கிறதோ அது. அடைப்பைக் கரைக்கும் ஊசி முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும். இஞ்சி அவித்து விடியும்வரை பார்ப்பது அந்த நேரத்தைத்தான் தின்கிறது. இது அவசரத்துக்குச் சொன்ன அஸ்பிரின். தினமும் போடலாமா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். ஸ்டீரொயிட் எடுக்கும் ஒருவரின் வயிற்றில் அது சும்மா இருக்காது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. ஓட்ஸும் ஒலிவ் எண்ணெயும் லயத்துக் குசினிக்கு நான் அனுப்புகிற ஆளில்லை. அம்மாவிடம் மூன்றே விடயம் கேளுங்கள். கருவாடும் ஊறுகாயும் எத்தனை நாள்? ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு எல்லாமாக 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கவேண்டும். ஒரு துண்டுக் கருவாடு அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். தேத்தண்ணீர் எத்தனை கோப்பை, எவ்வளவு சீனி? சிலர் "நான் சீனி போடுவதே இல்லை" என்று சத்தியம் செய்வார்கள். உள்ளங்கையில் ஒரு கரண்டி கொட்டி நக்கிக்கொண்டு வெறும் சாயம் குடிப்பார்கள். அதுவும் சீனிதான். வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா? வாய்ப் புற்றுநோய்க்குப் பயந்து விட்டவர்கள் உண்டு. புகையிலை மென்றாலும் இதயத்துக்குக் கெடுதல் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. காலை ரொட்டியில் ஒன்றைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பும் கீரையும் வந்தால் போதும். புகை போக வழியில்லாத விறகடுப்புக்கு முன்னால் அம்மாவை உட்கார வைக்காதீர்கள். அந்தப் புகையும் இதயக் குழாய்க்குப் பகைதான். நடைப்பயிற்சியை, பரிசோதனை முடிவுகள் வந்த பிறகு தொடங்கலாம். அதுவரை மேடு வேண்டாம். தொடங்கும்போதும் பனி விலகி வெயில் வந்த பிறகு, சமதரையான ரோட்டில். குளிர் இரத்தக் குழாயைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றும்.

சிவனொளிபாதமலை இந்தப் பருவத்தில் வேண்டாம். நல்லதண்ணிப் பக்கத்திலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், நடுநிசிக் குளிர், தூக்கமில்லாத இரவு. ரோட்டுக்கு ஏறுவதற்குள் நாலு இடத்தில் நிற்கும் ஒருவரை அங்கே கூட்டிப் போவது பக்தியில் சேராது. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை வருடா வருடம் பருவம் வருகிறது. எக்கோவும் மற்றதும் பார்த்து மருந்து சரிப்பட்ட பிறகு அடுத்த வருடம் இதய வைத்தியரிடமே கேட்கலாம். அதுவரை மஸ்கெலியா வரை பஸ்ஸில் போய் மலையைப் பார்த்துக் கும்பிட்டு வருவதில் தடையில்லை. அம்மா கோபித்துக்கொண்டால் டொக்டர் சொன்னார் என்று என் மேல் போட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு வரி. சிறுநீரக நோய், சொரியாசிஸ் என்ற தோல் நோய், லூப்பஸ், நாள்பட்ட மூச்சு நோய், நீண்டகால மனச்சோர்வு, இவற்றுக்கென்று தனியாகக் கிளினிக் போகிறவர்கள், "என் நெஞ்சையும் பிரஷரையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று அங்கேயே கேளுங்கள். மனநல மருந்துகளில் சில எடையையும் சீனியையும் ஏற்றும். அதற்காக அவற்றை நிறுத்தவேண்டாம், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பெண்களுக்கு இடுப்பளவு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90ஐயும் தாண்டினாலே நம்மவர்களுக்குப் போதும். ஒல்லியாக இருக்கிறோம் என்ற தைரியம் தொந்தி உள்ளவருக்குப் பொருந்தாது.

கடைசியாக உங்களைப் பற்றி. கர்ப்ப காலத்துச் சீனி "சரியாகிவிட்டது" என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். பிள்ளை பிறந்ததும் இலக்கம் இறங்கும், உண்மைதான். ஆனால் அப்படி வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் சீனி வியாதியும் இதய நோயும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல படி அதிகம். உங்களுக்கு அம்மா வழியிலும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை சீனியும் பிரஷரும் பார்க்கவேண்டும்; பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் பார்த்திருக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்கத் திகதி கொடுப்பார்கள் அல்லவா, அன்று காலை நீங்களும் தேத்தண்ணீர் குடிக்காமல் போய், உங்களுக்கும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.